மூன்று கேனும் மாமியார் மூக்கும்

குடித்தாளாம். அதுவும் மாமியாரோடு சேர்ந்து, பட்டப்பகலில், உப்பைத் தொட்டுக்கொண்டு குடித்தாளாம். சொல்கிறவர்களுக்கு வாய் வலிக்காது போலிருக்கிறது. குடித்ததால்தான் வீட்டைவிட்டுத் துரத்தினார்களாம், அவளும் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரே போக்காகப் போய்விட்டாளாம். கிளம்பியது உண்மை. கேனைத் தூக்கியதும் உண்மை. உப்புகூட உண்மைதான். மற்றதெல்லாம் ஜன்னல்காரி கண் காது மூக்கு வைத்துச் சேர்த்தது. அதிலும் மூக்கை அவள் சேர்த்திருக்க வேண்டியதே இல்லை. இந்தக் கதையில் மூக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

ஜன்னல்காரி என்றால் பக்கத்து வீட்டு மாடியில் இருப்பவள். அவள் ஜன்னலிலிருந்து பார்த்தால் இவர்கள் வீட்டின் பின்முற்றம் தட்டில் வைத்த மாதிரித் தெரியும். பார்த்ததைச் சொல்வதில் தப்பில்லை. பார்க்காததையும் அதோடு சேர்த்துப் பிசைந்து வீடு வீடாகக் கொடுப்பதில்தான் வம்பு. இந்த வீட்டு மருமகள் குடித்ததில்லை. ஒரு தடவை சொன்னால் போதாதென்றால் இன்னொரு தடவையும் சொல்லலாம்: அவள் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

தெருவில் அந்த மருமகளுக்கு மோப்பக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள், சிரித்துவிடுவாள். பிறந்த வீட்டில் அம்மாவுக்குச் சலவைக் கடை. துவைக்க வந்த துணிகள் குறி போடுவதற்கு முன்னால் கலந்துவிட்டால் மற்ற கடைகளில் சண்டை நடக்கும். அந்தக் கடையில் மகளைக் கூப்பிடுவார்கள். அவள் சட்டைக் கழுத்தை ஒருதரம் முகர்ந்துவிட்டு, "இது பேங்க் மாமாவோடது, இது அவர் தம்பியோடது" என்று பிரித்துப் போட்டுவிடுவாள். ஒருநாள், "இது தம்பி சட்டைதான், ஆனா அண்ணன் போட்டுக்கிட்டுப் போயிருக்கார். கூட வேற ஒரு பவுடர் வாசனையும் இருக்கு" என்று பேங்க் மாமாவின் வீட்டு அம்மாளுக்கு எதிரிலேயே சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் துணி பிரிக்க மட்டும்தான் அனுமதி, விளக்கம் சொல்ல அனுமதி கிடையாது.

வளர்ந்ததும் ஒரு பெரிய கடையில் சென்ட் விற்கும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். முன்னால் நின்று காகிதப் பட்டையில் தெளித்து நீட்டுகிற வேலை. வாடிக்கையாளர்களிடம், "இது உங்களுக்கு ஒத்துவராது, உங்க வேர்வையோட சேர்ந்தா ஈயம் பூசின பாத்திரம் மாதிரி வாசனை வரும்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்ததால், சீக்கிரமே அவளைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் வாசனை எண்ணெயை ஸ்பிரிட்டில் கலப்பார்கள். பின்கட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த டிரம் வந்தாலும், அதன்மேல் ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது அதுதானா என்று கலக்குகிறவர்களே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் ஸ்பிரிட் என்று ஊர் சொல்கிறதே, அது ஒருத்தரின் பெயர் இல்லை, குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேரும் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருப்பார்கள், மூன்று பேரும் பற்ற வைத்தால் எரிவார்கள். எத்தனால் என்கிறவன் சென்ட்டுக்கு ஏற்றவன். ஐசோபுரொப்பைல் என்கிறவன் போன் துடைக்கவும், ஊசி போடும் முன் தோலைத் துடைக்கவும் ஆவான். வாசனை கொஞ்சம் முரடு, வெளிவேலைக்கு வம்பில்லாதவன். மெத்தனால் என்கிறவன் மரத்தோடு மட்டும் சகவாசம் வைத்துக்கொள்ள வேண்டியவன். உடம்புக்குள் போனால் கண்ணைப் பறிப்பான், உயிரையும் பறிப்பான். தோல் வழியாகக்கூட மெல்ல உள்ளே இறங்கிவிடுவான். இவர்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் பின்கட்டில் அவளுடைய வேலையாக இருந்தது. மற்றவர்கள் சோதித்துவிட்டுச் சொல்வார்கள். அவள் சொல்லிவிட்டுச் சோதிப்பாள்.

கல்யாணம்கூட இந்த வழியாகத்தான் வந்தது. கடையின் போனைப் பழுது பார்க்க ஒருவர் வந்தார். பக்கத்தில் போய் நின்றவள், "உங்க மேல ஸ்பிரிட் வாசனை வருது" என்றாள். அவர் பதறிப்போய், "நான் குடிக்கிறதில்லைங்க" என்றார். "தெரியும். இது வாயிலேர்ந்து வரலை, விரல்லேர்ந்து வருது. ஐசோபுரொப்பைல்" என்றாள். இதுவரை தன்னை யாரும் இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை என்று அவர் வீட்டில் போய்ச் சொன்னார்.

அப்படி அவள் வந்து சேர்ந்த வீட்டில், முன்னறையில் கணவர் போன் பழுது பார்ப்பார். பக்கவாட்டுக் கொட்டகையில் கொழுந்தன் மேசை, அலமாரிகளுக்கு அரக்குப் பாலிஷ் போடுவான். அவள் கடை வேலையை விட்டுவிட்டு அடுக்களை மேடையின் ஒரு முழ இடத்தில் சொந்தமாக சென்ட் கலந்துகொண்டிருந்தாள். சமைக்கும்போது சென்ட்டை எடுத்து வைக்க வேண்டும், சென்ட் கலக்கும்போது காய்கறியை எடுத்து வைக்க வேண்டும். குழம்பில் ரோஜா வாசனை வந்ததென்று கணவர் ஒருநாள் சொன்னார். நன்றாகத்தான் இருந்தது என்றும் சொன்னார். கண்ணை மூடினாலும் திறந்தாலும் அவள் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான்: தனக்கென்று ஓர் அறை, அதில் யாருக்காகவும் காலி செய்ய வேண்டாத ஒரு மேசை.

தெருமுனை பார்லர்க்காரி அந்த ஆசைக்கு ஒரு வழி காட்டினாள். தன் பார்லருக்கென்றே ஒரு வாசனை வேண்டும், முதல் தடவை கொடுப்பதை வாடிக்கையாளர்கள் விரும்பினால் இனி எப்போதும் அவளிடமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். மோப்பக்காரி நல்ல எண்ணெயாக வரவழைத்து, தன்னிடம் இருந்த அத்தனையையும் இதற்கென்று ஒதுக்கி வைத்தாள். இது நன்றாகப் போய்விட்டால் மேசையும் வரும், அறையும் வரும்.

இப்போது மாமியாரைச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷி. ஆனால் சோப்பைக்கூடக் கழுவி வைக்கிற ரகம். அழுக்கைக் கண்டால் கை தானாக நீளும். வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று ஸ்பிரிட் கேன்கள். ஒரே கடையில் வாங்கியவை, ஒரே அளவு, ஒரே வெள்ளை நிறம். பின்முற்றத்து நிழலில் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. சீட்டைப் படித்தால்தான் எது யாருடையது என்று தெரியும். மோப்பக்காரிக்கு அதுவும் வேண்டாம், மூடியைத் திறந்தால் போதும்.

ஒரு மழை வாரத்தில் மோப்பக்காரிக்கு ஜலதோஷம் பிடித்தது.

லேசான ஜலதோஷம் இல்லை. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, கண் சிவந்து, பேசினால் மகரம் பாதி நேரம் பகரமாக வந்தது. பால் பொங்கி அடுப்பில் தீய்ந்ததைக்கூட கணவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பார்லருக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. எண்ணெயை அளக்க மூக்கு தேவையில்லை, அளவு ஏற்கெனவே தெரியும். காலையில் பின்முற்றத்தில் தன் மூலையில் இருந்த கேனில் ரப்பர் குழாயைச் செருகி, ஸ்பிரிட்டை எடுத்து, கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் நிரப்பி வரிசையாக வைத்தாள். வேலை முடிந்து கேனை மூடப் போனபோதுதான் அது அநியாயத்துக்குப் பளபளவென்று இருப்பதைக் கவனித்தாள். சீட்டு மறுபக்கம் இருக்கும் என்று திருப்பினாள். மறுபக்கமும் வெள்ளை. இன்னும் திருப்பினாள். கேன் முழுச் சுற்றும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

"அத்தை, கேன்ல ஒட்டியிருந்த சீட்டு எங்கே?"

"அதுவா, ஒரே பிசுக்கு. நேத்து சோப்புத் தண்ணியில ஊற வெச்சு உரிச்சுட்டேன்."

"இதுல மட்டுமா?"

"மூணுலயும்தான். ஒண்ணை மட்டும் உரிச்சா மத்த ரெண்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

மோப்பக்காரி முற்றத்து மூலைகளைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் கேனை எந்த மூலையிலேர்ந்து எடுத்தீங்களோ அங்கேயேதானே திருப்பி வெச்சீங்க?"

"எல்லாம் ஸ்பிரிட்டுதானேடி? உன் புருஷனைக் கேட்டா ஸ்பிரிட்டுங்கிறான், சின்னவனைக் கேட்டா ஸ்பிரிட்டுங்கிறான், நீயும் ஸ்பிரிட்டுங்கிற. நான் என்ன, ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சுக் கூப்பிட்டா வளர்த்தேன்? மூலைக்கு ஒண்ணா வெச்சேன். அழகா இருந்துச்சு."

அவள் மூன்று கேன்களின் மூடியையும் திறந்து மாறி மாறி முகர்ந்து பார்த்தாள். சுவரை முகர்ந்த மாதிரி இருந்தது. வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்தாள். உள்ளே எத்தனால் இருந்தால் எல்லாம் நல்லபடி. ஐசோபுரொப்பைல் இருந்தால் வாசனை கெட்டது, பேரும் கெட்டது. மெத்தனால் இருந்தால், அதைக் கழுத்திலும் கையிலும் நாள் தவறாமல் அடித்துக்கொள்ளப் போவது பார்லருக்கு வரும் பெண்கள்.

"அதான் நிரப்பியாச்சே, கொடுத்துடு" என்றார் மாமியார். "வாசனையாத்தான் இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"போட்டுக்கிற பொம்பளையோட தோலுக்குத் தெரியும் அத்தை."

"சரி, அப்போ உன் பெரிய மூக்கை வெச்சுக் கண்டுபிடி."

"பூக்கு அடைச்சிருக்கு."

"எது?"

"பூக்கு, அத்தை, பூக்கு" என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள். மாமியார் சிரிக்க வாயெடுத்து, மருமகளின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

மூக்கு போனால் என்ன, பின்கட்டுப் பாடம் போகவில்லையே. ஓரம் உடைந்த பழைய கண்ணாடித் தம்ளர்கள் மூன்றை முற்றத்துக் கல்மேல் வைத்தாள். கேனுக்கு ஒன்றாகக் கொஞ்சம் ஸ்பிரிட், கூடவே அதே அளவு தண்ணீர். ஒவ்வொன்றிலும் பேனா மை ஒரு சொட்டு. குழாய் செருகியிருந்த கேன்தான் குப்பிகளுக்குப் போனது என்பதால், அதன் தம்ளரைத் தனியாக நடுவில் வைத்தாள். பிறகு உப்பு டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, கை நிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினாள்.

"உப்பு எதுக்குடி?"

"ஐசோபுரொப்பைல் தண்ணியோட சேர்ந்துதான் இருக்கும் அத்தை. ஆனா உப்பு வந்தா தண்ணியை அது தன் பக்கம் இழுத்துக்கும். இது ஒட்ட இடமில்லாம மேல தனியா வந்து நின்னுடும். மத்த ரெண்டும் அப்படி நிக்காது."

"உங்கம்மா இங்க வந்தா இப்படித்தான். உன்னைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டு என்னை அடுக்களையிலேர்ந்து வெளிய தள்ளிடுறாங்க."

வலது ஓரத்துத் தம்ளரில் நீர் மெதுவாகப் பிரிந்தது. கீழே கலங்கிய உப்புத் தண்ணீர், மேலே மையை எல்லாம் வாரிக்கொண்டு ஒரு நீலப் படலம். அது கணவரின் கேன். நடுத் தம்ளர் பிரியவில்லை. இடது தம்ளரும் பிரியவில்லை. மோப்பக்காரி பெருமூச்சு விட்டாள், ஆனால் பாதிதான் விட்டாள். குப்பிகளில் இருப்பது ஒன்று மிக நல்லவன், இல்லையென்றால் மிகக் கெட்டவன். இடையில் ஆளில்லை.

அப்போதுதான் மாடி ஜன்னல் திறந்தது. "என்ன, ரெண்டு பேரும் கிளாஸோட உக்காந்துட்டீங்க?" என்று ஜன்னல்காரி குரல் கொடுத்தாள்.

"உப்புப் போட்டுப் பாக்கிறோம்" என்று மாமியார் அண்ணாந்து உள்ளதைச் சொன்னார். "ஒண்ணு மட்டும் தண்ணியோட சேர மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் கொட்டகையிலிருந்து வந்தான். அவனுக்குப் பேச்சே மேடைப் பேச்சு மாதிரிதான், மெதுவாகப் பேசத் தெரியாது. "அண்ணி, என் சரக்கு எங்கே? மூலையில இருக்கிறது என் சரக்கா, உங்க சரக்கா? ஊத்திப் பாத்தா அரக்கு கரையவே மாட்டேங்குது."

"கொஞ்சம் பொறு, யார் சரக்கு எதுன்னு இப்பத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்" என்றார் மாமியார்.

ஜன்னல் ஒரு பக்கம் சாத்திக்கொண்டது. மறுபக்கம் சாத்தவில்லை.

அடுத்தது செப்புக் கம்பி. கணவரின் பெட்டியிலிருந்து தடிமனான ஒரு துண்டை எடுத்துச் சுருளாகச் சுற்றி, ஒரு முனையை மரக் கைப்பிடியில் செருகினாள். கேன்களை எல்லாம் கொட்டகைப் பக்கம் தூரமாகக் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். கல்மேல் இரண்டு கரண்டிகளில் இரண்டு ஸ்பிரிட்டும் சில சொட்டுகள் மட்டும். அடுக்களை அடுப்பில் கம்பியைக் காய்ச்சி, அது சிவந்து, கறுத்து, சிவப்பு அடங்கியதும் முற்றத்துக்குக் கொண்டுவந்து கரண்டியில் தொட வேண்டும். கம்பியின் கறுப்பு போய்ச் செம்பு மினுங்கும். அப்போது ஆவியாக எழும் வாசனைதான் பதில். செய்யத் தெரியும், முகரத்தான் முடியாது.

"அத்தை, நீங்கதான் எனக்கு பூக்கு."

"நானா?"

"கிட்டப் போகாதீங்க. கையால விசிறி, ஒரு இழுப்பு மட்டும். என்ன வாசனைன்னு சொன்னா போதும்."

இத்தனை வருஷமாகச் சமையலில் உப்பு கூடியதா குறைந்ததா என்பதைக்கூட மருமகளின் மூக்கு முடிவு செய்கிற வீட்டில், இப்படி ஒரு பதவி தனக்கு வருமென்று மாமியார் எதிர்பார்க்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் கரண்டி இடது தம்ளருக்கு உரியது. சுர்ரென்றது. மாமியார் விசிறினார், கண்ணை மூடினார். "பழம். ஆப்பிள். பழுத்தது இல்ல, பச்சைக் காயை நறுக்கி டப்பாவுல போட்டு மறந்துபோன மாதிரி."

மோப்பக்காரி கம்பியை மறுபடி காய்ச்சப் போனாள். எத்தனால் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது குழாய் செருகிய கேன் இல்லை. மாமியாருக்கு அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கரண்டியில் வேண்டுமென்றே ஆப்பிளைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தாள்.

இரண்டாவது கரண்டி. சுர்ரென்றது. மாமியார் விசிறினார், உடனே தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. "ஐயோ, கண்ணைக் குத்துது. புதுசா பிளைவுட் அலமாரி வாங்கி மொத மொத கதவைத் திறந்தா மூஞ்சியில அடிக்குமே, அது மாதிரி."

மருமகள் கையில் கம்பி ஆறிக்கொண்டிருந்தது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என் மூக்கு தப்பாக்கூட இருக்கலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வயசான மூக்கு. இன்னொரு வழி இல்லையா?"

இருந்தது. விரலில் காயம் பட்டால் போட்டுக்கொள்ள, தண்ணீரில் கரைத்த அயோடின் மருந்து கணவரிடம் இருந்தது. சாராயத்தில் கரைத்ததாக இருந்தால் அதுவே பொய் சொல்லும், அதனால் புட்டியின் சீட்டை இரண்டு தடவை படித்த பிறகுதான் எடுத்தாள். தம்ளர்களைக் கழுவி, இரண்டு ஸ்பிரிட்டையும் புதிதாகக் கொஞ்சம் விட்டு, சலவைச் சோடாவைக் கரைத்து, மிதமான சுடுதண்ணீரில் தம்ளர்களை நிறுத்தி, இரண்டிலும் அயோடின் சொட்டினாள். எத்தனால் என்றால் மஞ்சளாகக் கலங்கும், மெத்தனால் என்றால் கலங்காது. அயோடினின் பழுப்பு நிறம் மெல்ல மறைந்தது. ஆப்பிள் தம்ளர் கொஞ்ச நேரத்தில் இளமஞ்சளாகக் கலங்கி, மஞ்சள் தூள் அடியில் இறங்கியது. ஆஸ்பத்திரி வராந்தா வாசனை என்றார் மாமியார். பிளைவுட் தம்ளர் அப்படியே தெளிவாக நின்றது. இவ்வளவு சுத்தமான ஒரு தண்ணீரைப் பார்த்து மாமியார் அன்றைக்குத்தான் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

"கலங்குடா" என்றார் அதனிடம், மெல்ல. அது கலங்கவில்லை.

பார்லர்க்காரி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒன்றை எடுக்கக் கை நீட்டினாள். மோப்பக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைத் தர முடியாதுக்கா. கேன் மாறிப்போச்சு. உள்ள இருக்கிறது மரத்துக்குப் போடுற ஸ்பிரிட்டு."

"அதான் நல்லா மணக்குதே."

"மணக்கும். வாசனை என்னோட எண்ணெயில இருக்கு, விஷம் ஸ்பிரிட்டுல இருக்கு." உப்பு, கம்பி, அயோடின் என்று எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் சீட்டை உரித்ததை மட்டும் சொல்லவில்லை.

"சரி, வேற கலந்து கொடு."

"எண்ணெய் எல்லாம் இதுலயே போயிடுச்சு. திருப்பி வரவழைக்க நாளாகும்."

"நான் எல்லார்கிட்டயும் இன்னைக்கு வருதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்மா. வர்றவங்களுக்கு நான் எதைத் தெளிக்கிறது, தண்ணியையா?" அவள் கோபமாகத்தான் போனாள். செருப்பை மாட்டும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த மாமியார் அன்று மாலை வரை எதையும் கழுவவில்லை.

குப்பிகளைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டான். அவன் வேலைக்கு அந்த ஸ்பிரிட்தானே. கதவு ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, கையுறை போட்டு, அதிலேயே அரக்கைக் கரைத்து ஓர் அலமாரிக்குப் பூசினான். வாங்கிப் போனவர் மறுவாரம் திரும்பி வந்தார். "தம்பி, துணி எடுக்கலாம்னு திறந்தா கல்யாண வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. என்ன மரம் இது?" கொழுந்தன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணி மரம்" என்றான். அவர் அதை மனதில் குறித்துக்கொண்டு போனார்.

இதற்குள் ஜன்னல்காரி தெரு முழுக்கப் பரிமாறி முடித்திருந்தாள். கிளாஸ் மூன்று, உப்பு ஒரு டப்பா, ஆளுக்கொரு சரக்கு. மருமகளுக்குக் கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, மாமியார் கண்ணீர் விட்டு அழுதார். கொழுந்தன் வந்து தன் பங்கைக் கேட்டுச் சத்தம் போட்டான். இதில் பொய் என்று எதைச் சொல்வது? ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாம் நடந்ததுதான். சேர்த்து வைத்தால்தான் எதுவுமே நடக்கவில்லை.

ஒருநாள் ஜன்னல்காரி முடி வெட்டிக்கொள்ளப் பார்லருக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டியதும் வாய் திறந்துவிட்டது. பார்லர்க்காரி சீப்பும் கத்தரியுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அழுதாங்களா?"

"பொலபொலன்னு. நான் என் கண்ணால பாத்தேன்."

"முதல் கரண்டியிலயா, ரெண்டாவதுலயா?"

"என்னது?"

"இல்ல, கம்பியைக் காய்ச்சித் தொட்டதும் அழுதாங்களான்னு கேட்டேன்."

ஜன்னல்காரிக்குச் சுருக்கென்றது. "கம்பி இருந்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க குடிக்கலைம்மா. எனக்குக் கொடுக்க வேண்டியது நல்லதா கெட்டதான்னு பாத்துக்கிட்டிருந்தாங்க."

"அப்படின்னு யார் சொன்னா? அவளா? பின்ன, குடிச்சேன்னா சொல்லுவா?"

பார்லர்க்காரி மறுபடி கத்தரியை ஓட்டினாள். அவளுக்கு எத்தனையோ பேர் எத்தனையோ சரக்கு கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எதுவும் கெட்டுப்போனதாக ஒருத்தரும் வாசலில் கையைப் பிடித்துச் சொன்னதில்லை. முகத்தில் கொப்புளம் வந்த பிறகு வாடிக்கையாளர்கள்தான் வந்து சொல்வார்கள். ஜன்னல்காரியின் தலையை முடித்து அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு நேரே மோப்பக்காரியின் வீட்டுக்கு வந்தாள்.

"கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்குது" என்றாள். "பெரிய மேசை ஒண்ணு இருக்கு, குழாய் இருக்கு, ஜன்னல் இருக்கு. நீ அங்க வந்து உக்காந்து கலக்கு. எனக்கு என்ன வாங்கினாலும், கிரீம், தைலம் எதுவா இருந்தாலும், முதல்ல நீ பாத்துச் சொல்லணும். எண்ணெய் வரட்டும், உன் சென்ட்டுக்கு நான் காத்திருக்கேன்."

மோப்பக்காரி மேசையின் நீளம் என்ன என்று மட்டும் கேட்டாள். பார்லர்க்காரி கைகளை விரித்துக் காட்டினாள். போதவில்லை, ஓரடி நகர்ந்து நின்று மறுபடி விரித்தாள்.

மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "இந்த வீட்ல இடம் இல்லையா? ஒரு சீட்டை உரிச்சதுக்கு வீட்டைவிட்டே போவியா?"

"சீட்டுக்காகப் போகலை அத்தை. மேசைக்காகப் போறேன்."

"அடுக்களை மேடை வேணும்னா முழுசும் எடுத்துக்கோ. நான் தரையில உக்காந்து நறுக்கிக்கிறேன்."

"உங்களைத் தரையில உக்கார வெச்சுட்டு நான் மேல நின்னு கலக்குறதா? அது எனக்கு ஆகாது."

இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். சாப்பாட்டுத் தட்டை ஒருவருக்கொருவர் சத்தமாக வைத்துக்கொண்டார்கள். கணவர் இரண்டு பக்கமும் தலையாட்டிப் பார்த்தார், யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு காலையில் மாமியார் எத்தனால் கேனைத் தானே தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார்.

"போறதுன்னா இதையும் எடுத்துக்கிட்டுப் போ. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது, துடைச்சு வெச்சுடும்."

அவரிடமிருந்து மன்னிப்பு என்று வந்தால் இவ்வளவுதான் வரும். மோப்பக்காரி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

போகிற நாளில் ஜலதோஷம் விட்டிருந்தது. கணவர் காலிக் குப்பிகள் நிறைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். அவள் கேனைத் தூக்கி வாசலுக்கு வந்தாள். மாமியார் நிலைப்படியில் நின்று, அவள் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார்.

மாடி ஜன்னல் திறந்தது. "ஏம்மா, மருமக வீட்டை விட்டே கிளம்பிட்டாளா?"

"ஆமா, கிளம்பிட்டா" என்றார் மாமியார். "சாயங்காலம் சாப்பாட்டுக்கு வந்துடுவா."

முதல் பாதியைக் கேட்டதுமே ஜன்னல்காரி போனைத் தேடி உள்ளே ஓடியிருந்தாள். இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை, மருமகள் காதில் மட்டும் விழுந்தது. அவள் கேனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.